முற்றத்தில் துள்ளாத கால்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் பற்றி ஒரு வகுப்பு நடக்கிறது, நீங்கள் வந்து பத்து நிமிஷம் பேச வேண்டும் என்றார்கள். பத்து நிமிஷத்தில் பேசி முடிக்கிற ஆள் நானில்லை என்பது கூப்பிட்டவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. போனேன்.

அங்கே கண்ணாடிப் பலகை போல ஒரு மெஷின் புதிதாக வந்திருந்தது. நோயாளி அதன்மேல் ஏறி நின்றால் போதும். பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திரையில் காட்டிவிடுகிறது. என்னையும் ஏற்றினார்கள். என் பாதத்தை அத்தனை நிறத்தில் நான் பார்த்ததே இல்லை, கோலப்பொடி கொட்டியது போல அழகாகவே இருந்தது.

"இந்த மெஷின் இல்லாத காலத்துல மரத்துப் போன காலை எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"முத்தத்தப் பாத்துதான்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இப்போது அந்த முற்றமும் இல்லை, கார் நிறுத்தத் தகரக் கூரை போட்டுவிட்டார்கள். சிரித்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு முழுதாகச் சொல்ல நேரம் கொடுக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. சாயர்புரத்துக்காரி நான். நர்ஸ் வேலைக்குப் படித்தேன், பாஸ் செய்தேன், நாலைந்து இடத்தில் ஊசி போட்டேன். சர்க்கரை நோய் எங்கள் பாடத்தில் ஒரு சின்ன அத்தியாயம். இனிப்பைக் குறை, மாத்திரையைப் போடு, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் டாக்டர் அனந்தகிருஷ்ணனின் சர்க்கரை நோய் கிளினிக்கில் சேர்ந்தபோது, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எனக்கு வாயும் நீளம், நினைப்பும் நீளம்.

டாக்டர் கல்லிடைக்குறிச்சிக்காரர். ஒல்லியான ஆள், பேச்சு மெல்லிசு. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். தப்புச் செய்துவிட்டு ஒரு காரணம் சொன்னோமென்றால், "அப்படியா" என்று காதில் விழுந்தும் விழாததுமாகச் சொல்லுவார். அந்த ஒரு சொல்லுக்குக் கம்பவுண்டர் பிச்சையா முதல் லேபில் இருந்த காதர் வரை எல்லாரும் சொல்ல வந்த காரணத்தைப் பாதியில் விழுங்கிவிடுவார்கள்.

இன்று ஆஸ்பத்திரியாக வளர்ந்துவிட்ட அந்தக் கிளினிக் அப்போது ஒரு பழைய வீடு. தெருவில் கேட், கேட்டை ஒட்டிச் செருப்பு விடும் ஸ்டாண்டு. அங்கிருந்து நீளமாக ஒரு சிமெண்ட் முற்றம், அதற்கப்புறம் வராந்தா, பிறகு டாக்டரின் அறை. ஸ்டாண்டு முதலில் வராந்தாவில்தான் இருந்ததாம். ஒரு மழைக்காலத்தில் ஆற்றங்கரைக் களிமண்ணெல்லாம் செருப்போடு உள்ளே வந்துவிட, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற இடத்தில் சேறு கூடாது என்று டாக்டர்தான் அதைக் கேட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். 'செருப்பை இங்கே விடவும்' என்று போர்டும் மாட்டினார். எங்கள் கிளினிக் சுத்தத்துக்கு ஊரில் பேர் இருந்தது. அதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு வகுப்பு. முதல் வகுப்புக்கு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. கையைக் கழுவிவிட்டு ஒரு குட்டை முக்காலியைப் பிச்சையாவின் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிச்சையா பதறிப்போய்க் காலை உருவினார்.

"டாக்டரையா, வேண்டாம். பாவம் புடிச்சுரும்."

"எனக்கா, உமக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"சரி, பாதிப் பாதி எடுத்துப்போம். காலைக் குடும்" என்றார் டாக்டர்.

எங்கள் ஊர் வேதக்கோயிலில் பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, போதகர் சபையாரின் காலைக் கழுவிப் பார்த்திருக்கிறேன். அது வருஷத்துக்கு ஒரு தடவை, ஜெபத்தோடு நடப்பது. இவரோ சினிமாக் கொட்டகையில் டிக்கெட் பார்க்கிறவரைப்போலச் சாதாரணமாக ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துப் பார்த்தார். குதிகால் வெடிப்பைத் தடவினார். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிச்சையா முடிந்து காதர், காதர் முடிந்து நான். என் காலைத் தொட்டபோது நானும் பிச்சையாவைப் போலவே காலை உருவப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்களை ஒருவர் காலை ஒருவர் பார்க்கச் சொன்னார்.

இதை ஏன் முதல் பாடமாக வைத்தார் என்று நோயாளிகளிடம் போனபோதுதான் புரிந்தது. நம் ஊரில் நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவார்கள், கண்ணை இழுத்துப் பார்த்தால் காட்டுவார்கள். காலை மட்டும் காட்டமாட்டார்கள். பெரியவர்கள் இழுத்து வேட்டிக்குள் ஒளித்துக்கொள்வார்கள். நாங்குநேரியிலிருந்து வந்த ஒரு வாத்தியார், "பொம்பளப்பிள்ள என் காலத் தொடப்பிடாது தாயி" என்றார். "தொடலேன்னா பொறவு வெட்ட வேண்டியது வரும் சார், எது உங்களுக்கு வசதி?" என்று கேட்டுவிட்டேன். உள்ளேயிருந்து "அப்படியா" வந்தது.

அவர் போனபிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், பயமுறுத்தினா இன்னிக்குக் காலைக் காட்டுவார். அடுத்த மாசம் வரவே மாட்டார். நமக்கு அடுத்த மாசம்தான் முக்கியம்" என்றார். அதன்பிறகு நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "உங்க மக மாதிரி நெனச்சுக்கிடுங்க சார்" என்றால் பாதிப் பேர் நீட்டிவிடுவார்கள். மீதிப் பேரைப் பிச்சையா பார்த்துக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான். ஒரு வாரம் எங்கள் கைகளில் தடித்த ரப்பர் உறையை இரண்டு ஜோடி மாட்டிவிட்டு மல்லிகைப்பூ கட்டச் சொன்னார். நான் நன்றாகப் பூக்கட்டுவேன். அன்றைக்கு ஒரு பூக்கூட நாரில் நிற்கவில்லை. விரல் இருக்கிறது, அசைகிறது, ஆனால் பூ இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. "இதுதான் நரம்பு கெட்டுப்போன கால். இந்த உறையைக் கழட்ட முடியாதுன்னு நெனச்சுண்டு வீட்டுக்குப் போங்கோ" என்றார். இன்னொரு வாரம் மூக்குக்கண்ணாடியில் வாஸலினைத் தடவிப் பேப்பர் படிக்க வைத்தார். மற்றொரு வாரம் வீட்டுக் காபி ஃபில்டரைக் கொண்டுவந்து, அதன் ஓட்டைகளை ஆணியால் பெரிதாக்கி, டிகாக்ஷனோடு தூளும் இறங்குவதைக் காட்டிச் சிறுநீரகத்தை விளக்கினார். ஃபில்டர் பாழாய்ப் போனதற்கு அவர் வீட்டம்மா என்ன சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

பிறகு தங்கூசி. மீன் பிடிக்கிற நைலான் நரம்பைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வெளிநாட்டில் ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று டாக்டர் படித்திருந்தார். அது இங்கே கிடைக்காது. காதரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி எல்லாத் தடிமனிலும் தங்கூசி வாங்கிவரச் செய்தார். துண்டு துண்டாக நறுக்கி லேப் தராசின் தட்டில் அழுத்திப் பார்த்தார்கள். பத்து கிராமில் வளைகிற துண்டு கிடைத்ததும் அதை ஒரு குச்சியில் ஒட்டி எங்களிடம் கொடுத்தார். சுத்தமான அறிவியல், ஆனால் கொஞ்சம் மீன்கடை வாசனை என்று காதர் சொல்லுவார்.

அதை வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நோயாளியின் கையில் தொட்டுக் காட்ட வேண்டும், எதை எதிர்பார்ப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. பிறகு கண்ணை மூடச் சொல்ல வேண்டும். காய்ப்புக் காய்த்த இடத்தில் வைக்கக்கூடாது. நரம்பு லேசாக வளைகிற வரை அழுத்தி எடுத்துவிட வேண்டும், இழுக்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வைக்கும்போது "தெரியுதா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் நம் ஜனங்கள் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள். இத்தனை பெரிய டாக்டர் குனிந்து கேட்கிறாரே, இல்லை என்று சொன்னால் மனசு நோகுமே என்று மரியாதைக்குச் சொல்வார்கள். அந்த மரியாதையில் ஒரு கால் போய்விடும் என்பார் டாக்டர். "எப்பத் தெரியுதோ, அப்ப ஆமான்னு சொல்லுங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இருந்ததிலேயே கஷ்டமான பாடம் அதுதான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அக்னி நட்சத்திரம். நெல்லை வெயிலைப் பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. உச்சிப்பொழுதில் எங்கள் முற்றத்தில் நின்றால் உள்ளங்கால் பொசுங்கும். கேட்டில் செருப்பை விட்டவர்கள் வராந்தாவுக்குத் துள்ளித் துள்ளித்தான் வருவார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். மீசை முறுக்கிய போலீஸ் ஏட்டையாகூட முற்றத்தில் இறங்கிவிட்டால் ஆட்டுக்குட்டிதான். மத்தியான நேரத்தில் நோயாளிகள் குறைந்திருக்கும்போது ஜன்னல் வழியாக இதைப் பார்த்துச் சிரிப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

அன்றைக்குக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கேட்டில் செருப்பை விட்டு இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம். துள்ளவில்லை. கோயில் பிரகாரம் சுற்றுகிறவரைப்போலப் பைய நடந்து வந்தார். முற்றத்தின் நடுவில் நின்று, கைக்குட்டையை எடுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி நடந்தார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. "பாருங்க டாக்டர், மனுஷன்னா இப்படி இருக்கணும். எவ்வளவு நிதானமா வாறாரு. மத்த ஆளுக எல்லாம் குதியாட்டம்லா போடுதாங்க" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பேனா கீழே விழுந்தது. அவர் ஓடி நான் பார்த்ததில்லை, அன்றைக்கு ஓடினார். வெறுங்காலோடு முற்றத்தில் குதித்து, சூடு தாங்காமல் தானும் துள்ளித் துள்ளிப் போய், அந்த மனிதரின் தோளைக் கட்டிக்கொண்டு, "பிச்சையா, தூக்கும், தூக்கும்" என்று கத்தினார். டாக்டர் கத்தியும் நான் அதற்குமுன் கேட்டதில்லை. இரண்டு பேருமாக அவரை அலாக்காகத் தூக்கி வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"என்ன டாக்டரையா, நான் என்ன புது மாப்பிள்ளையா, தூக்கிட்டு வாறதுக்கு?" என்று அவர் சிரித்தார்.

அவர் பெயர் சுடலைமுத்து. பஸ் டிரைவர். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போகிற வண்டி. வீடு அம்பாசமுத்திரத்தில். சர்க்கரை இருக்கிறது என்று வேறெங்கோ சொல்லியிருக்கிறார்கள், "கொஞ்சம்தான்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். சரி, காட்டிவிட்டுப் போவோம் என்று இரண்டு டிரிப்புக்கு நடுவில் வந்திருந்தார். டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டார். சுடலைமுத்து அண்ணாச்சியின் காலை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கால் முழுக்கச் சிவந்திருந்தது, வலது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே தோல் ஏற்கெனவே வெளுத்து ஊறினாற்போல இருந்தது.

தங்கூசியை எடுத்தார். கையில் தொட்டுக் காட்டினார். "கண்ணை மூடிக்கோங்கோ. எப்பத் தெரியுதோ அப்ப ஆமான்னு சொல்லுங்கோ" என்றார். பெருவிரல் நுனியில் வைத்தார், நரம்பு வளைந்தது, எடுத்தார். விரல்களின் அடியில், உள்ளங்காலின் நடுவில், குதிகாலில் என்று ஒவ்வோரிடமாக வைத்து எடுத்தார். அடுத்த காலிலும் பார்த்தார். அண்ணாச்சி கண்ணை மூடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். எல்லா இடமும் முடிந்து டாக்டர் கையை எடுத்த பிறகும் காத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவரே பொறுமையிழந்து, "ஆரம்பிங்க டாக்டரையா, எனக்கு வண்டி எடுக்கணும்லா" என்றார்.

புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. ஒரு மனிதனின் இரண்டு பாதங்களும் அவனை விட்டுப் போயிருக்கின்றன, போனது அவனுக்கே தெரியவில்லை.

டாக்டர் இன்னொரு முறை கையில் தொட்டார். "ஆமா" என்று உடனே வந்தது. காலில் தொட்டார், பதில் இல்லை. கண்ணைத் திறந்து, காலின்மேல் தங்கூசி வளைந்திருப்பதைப் பார்த்தபோது அண்ணாச்சியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"வண்டியில பிரேக்கை எவ்வளவு அழுத்தியிருக்கீர்னு எப்படித் தெரியும் உமக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் பிரேக்கை மிதிப்பதுபோல வலது காலைக் காற்றில் அழுத்திப் பார்த்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "சத்தந்தான் டாக்டரையா. இஞ்சின் சத்தம் சொல்லும். பொறவு முதுகு. சீட்டுல முதுகு எவ்வளவு முன்னால வருதுன்னு பாத்து ஓட்டுதேன்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கே விளங்கிவிட்டது. "போன வருசம் ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்தேன். வண்டிக்குள்ளயே ஒண்ணு கெடந்திருக்கு, மாட்டாம எறங்குனதே எனக்குத் தெரியல. வீட்ல எல்லாவளும் சிரிச்சாளுவ."

வண்டியில் ஏறினால் அவர் செருப்பைக் கழற்றிவிடுவாராம். ஸ்டியரிங்குக்குப் பூப்போட்டுக் கும்பிட்டு எடுக்கிற வண்டி, அதைச் செருப்புக் காலால் எப்படி மிதிப்பது என்றார். இஞ்சின் பக்கத்துத் தகரம் எப்படிக் கொதிக்கும் என்று பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் மாசக்கணக்காக வெந்த காலை எங்கள் முற்றம் அன்றைக்குச் சுட்டு முடித்திருந்தது. சாயங்காலத்துக்குள் வலது உள்ளங்காலில் பெரிய கொப்புளம் எழும்பிவிட்டது.

"காலை எடுத்துருவீகளா?" என்று கேட்டார். அதுவரை இருந்த குரல் இல்லை அது.

"எடுக்காம இருக்கத்தான் பாக்கப்போறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். செருப்பைக் கேட்டுல விடச் சொன்னவன் நான்தான். உம்ம காலைச் சுட்டது என் முத்தம்" என்றார் டாக்டர். நோயாளியின் முன்னால், எங்கள் எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணாச்சி பதறி அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

சர்க்கரை நோயின் கெடுதல்களை எங்களுக்கு வாரந்தோறும் சொல்லித்தந்த இடம் அது. காலைப் பார், காலைக் காப்பாற்று என்று மந்திரம் போலச் சொன்ன இடம். அங்கேயே நோயாளிகளின் காலை நாங்கள் கொதிக்கிற சிமெண்டில் நடக்கவிட்டு, துள்ளுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். துள்ளியவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. துள்ளாமல் வந்தவர்களை மரியாதையாகப் பார்த்து அனுப்பியிருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் டாக்டர் இதைத்தான் பாடமாக எடுத்தார். ஒரு சொல்லையும் மறைக்கவில்லை.

போர்டு மாறியது. 'செருப்போடு உள்ளே வரவும்' என்று எழுதி மாட்டினோம். ஜனங்கள் நம்பவில்லை. டாக்டர் முன்னால் செருப்புக் காலோடு நிற்பதாவது? போர்டைப் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கடைசியில் டாக்டரே ஒரு ஜோடி வாங்கி அறைக்குள் போட்டு நடக்க ஆரம்பித்தார். வாழ்நாளில் வீட்டுக்குள் செருப்புப் போட்டறியாத அக்ரஹாரத்து மனிதர். முதல் நாள் அவர் நடந்த நடையைப் பார்த்தால் செருப்பு அவரை நடத்திக்கொண்டு போவதைப்போல இருந்தது. அதன்பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

அண்ணாச்சியை எங்கள் கிளினிக்கிலேயே ஒரு கட்டிலில் போட்டோம். இன்சுலின் ஆரம்பித்தது. கட்டுப் போடுவது என் பொறுப்பு. உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பழைய கட்டைப் பிரிக்க வேண்டும். செத்த தோலை டாக்டர் நறுக்குவார், நான் துடைப்பேன். மஞ்சள் வைக்கக்கூடாது, ஒத்தடம் கூடாது. இதெல்லாம் சுலபம். கஷ்டம் வேறு. அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. வலிக்கிற புண்ணாக இருந்தால் யாரும் சொல்லாமலே மனுஷன் நொண்டுவான். இவருக்கு வலியே இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து ஜன்னலுக்கு நடந்துவிடுவார். "ஒண்ணும் செய்யல சிஸ்டர், சொகமாத்தான இருக்கு" என்பார். கட்டைப் பிரித்தால் புண் பெரிதாகியிருக்கும்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "வலிங்கிறது அவருக்கு இருந்த காவல். அது போயிடுத்து. இனிமே நாமதான் அவருக்கு வலியா இருக்கணும். அவர் காலைக் கீழே வைக்கிறச்சே எல்லாம் யாராவது வலிக்கணும்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. நான் கேட்ட பாடங்களிலேயே பெரிய பாடம் அந்த நாலு வரிதான். என் நீளமான வாய்க்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. அண்ணாச்சி காலைக் கட்டிலிலிருந்து இறக்கினால் நான் கத்துவேன். மருந்து கலக்கிக்கொண்டிருந்தாலும் கத்துவேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கத்துவேன். அவர் எனக்கு 'வலி' என்று பேர் வைத்தார். நான் அறைக்குள் நுழைந்தால், "ஏட்டி பேச்சி, வலி வந்தாச்சு, காலத் தூக்கி வைட்டி" என்று மனைவியிடம் சொல்லுவார். பேச்சியம்மாள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அப்படியும் சீழ் பிடித்தது. சுண்டுவிரல் கறுத்தது, காய்ச்சல் வந்தது. டாக்டர் வெளியிலிருந்து ஒரு சர்ஜனை வரவழைத்துக் காட்டினார். அவர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது நல்லது, உயிருக்கு ஆபத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றார். அன்றைக்கு நிலவரப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். பாதத்தின் மேற்பக்கம், பெருவிரலுக்கு நேராக எலும்பு ஓடுகிற இடத்தில் மூன்று விரலை வைத்தார். அழுத்தவில்லை, பூ வைப்பதைப்போல வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அவசரப்படாதீங்கோ" என்றார். காத்திருந்தேன். அப்போது விரலின் அடியில் மெல்ல ஒரு தட்டல். மறுபடியும். மறுபடியும். சீழும் கறுப்பும் நாற்றமுமாகக் கிடந்த அந்தக் காலுக்குள், ஒன்றையும் உணராத அந்தக் காலுக்குள், நாடி தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சியின் நரம்பு கைவிட்ட காலை அவருடைய நெஞ்சு கைவிடவில்லை. அழுதுவிட்டேன். பிச்சையாவும் தொட்டுப் பார்த்தார், காதரும் தொட்டுப் பார்த்தார். இருபது வருஷம் ஊசி போட்டவர்களும் அதற்கு முன்னால் அந்த இடத்தில் நாடி பார்த்ததில்லை.

"காலுக்கு ரத்தம் போயிண்டுதான் இருக்கு. ரத்தம் போற காலை விட வேண்டாம். விரலை மட்டும் எடுத்துக் குடுங்கோ. அதுக்கப்பறமும் சீழ் மேலே ஏறித்துன்னா நானே காலை உங்ககிட்ட ஒப்படைச்சுடறேன்" என்றார் டாக்டர். சர்ஜனும் தொட்டுப் பார்த்தார். யோசித்தார். சரி என்றார்.

சுண்டுவிரல் போயிற்று. காய்ச்சல் இறங்கியது. பிறகு அந்தக் கோடை முழுக்க, ஆடி ஆவணி முழுக்க, நான் வலித்தேன். ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் வர ஆரம்பித்ததும் தினமும் கட்டைப் பிரிக்கையில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஆற்றில் ஐப்பசித் தண்ணீர் வந்த சமயத்தில் புண் மூடிவிட்டது.

டாக்டர் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேச்செடுக்க வாயைத் திறந்தார். அண்ணாச்சி முந்திக்கொண்டார். "நான் டிப்போவுல சொல்லியாச்சு டாக்டரையா. உள்வேல தாறேம்ட்டாங்க. பின்னால அம்பது பேர உக்கார வச்சுக்கிட்டு முதுகால பிரேக் போட்டவன் நான். நெனச்சா இப்பத்தான் நடுங்குது." அவர் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன். வெட்டும்போதுகூடக் கலங்காதவர்.

அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்ல நினைத்தது இதுவரைக்கும்தான். ஆனால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம், ஒரு கல்யாணத்துக்காகக் கல்லிடைக்குறிச்சிக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து ஆற்றைப் பார்க்கலாம் என்று குடையைப் பிடித்துக்கொண்டு படித்துறைப் பக்கம் போனேன். கீழே ஏதோ சண்டை போலச் சத்தம் கேட்டது. ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூவோடு ஒவ்வொரு படியாகப் பார்த்துத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஏசினார்கள்.

"என்னவே, ஆத்துக்குள்ள செருப்புப் போட்டா எறங்குவாக? தாமிரவருணித் தாயிக்கு ஒரு மரியாத வேண்டாமா? கழத்தி வையும்வே."

அவர் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நிதானமாகச் சொன்னார். "ஆத்தாவுக்குத் தெரியும். கீழ கல்லு கெடக்கா, பாட்டில் கெடக்கான்னு எனக்குத்தான் தெரியாது." சொல்லிவிட்டு முகம் கழுவ நிமிர்ந்தவர் படித்துறையின் மேலே என்னைப் பார்த்துவிட்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நம்பாட்டா அந்தா கேளுங்க. கொடையப் புடிச்சுக்கிட்டு மேல நிக்குதுல்லா, அதான் என் வலி. இதக் கழத்துனேன்னா இப்பக் கத்தும் பாருங்க."

துறையில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி படியேறி வந்து உட்கார்ந்தார். நனைந்த ஷூவைக் கழற்றினார். அந்த முக்காலியில் டாக்டர் பார்ப்பாரே, அதே மாதிரி விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துண்டால் ஒற்றிப் பிரித்துப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் எனக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"ஒம்பதும் இருக்கு சிஸ்டர். எண்ணிக்கிடுங்க."